கிரேக்கத்தின் கொடுங்கோலர்கள்: பிரபுக்கள் சொன்ன கதை

கி.மு. 514. ஏதென்ஸ் நகரில் பெருந்திருவிழா. ஊர்வலம் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தபோது ஹார்மோடியஸ், அரிஸ்டோகைட்டன் என்ற இருவர் ஒளித்துவைத்திருந்த குத்துவாட்களை உருவி ஹிப்பார்க்கஸ் என்பவரைக் கொன்றார்கள். கொடுங்கோலன் ஒழிந்தான், ஏதென்ஸ் விடுதலை பெற்றது, மக்களாட்சி பிறந்தது என்று அன்று தொடங்கிய கதை இன்றுவரை புத்தகங்களில் நடமாடுகிறது. கொலையாளிகள் இருவருக்கும் நகரச் சந்தையில் வெண்கலச் சிலை வைத்தார்கள். கி.மு. 480இல் பாரசீகர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனதும், சில ஆண்டுகளிலேயே புதிய சிலை செய்து நிறுத்தினார்கள். அவர்களுடைய வாரிசுகளுக்கு அரசுச் செலவில் சாப்பாடும் போடப்பட்டது.

இந்தக் கதை அடியோடு தவறு. அதைத் தவறு என்று சொன்னவர் இக்கால ஆய்வாளர் அல்லர். சம்பவம் நடந்து சுமார் நூறு ஆண்டு கழித்து எழுதிய ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், தம் ஊர்க்காரர்களுக்கே இதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கொல்லப்பட்ட ஹிப்பார்க்கஸ் ஆட்சியாளரே அல்லர். ஆட்சி அவருடைய அண்ணன் ஹிப்பியாஸ் கையில் இருந்தது. கொலைக்குக் காரணம் காதல் விவகாரம். ஹார்மோடியஸை ஹிப்பார்க்கஸ் விரும்பினார், ஹார்மோடியஸ் மறுத்தார். ஆத்திரத்தில் ஹார்மோடியஸின் தங்கையைத் திருவிழாக் கூடை சுமக்க அழைத்து, வந்த பிறகு உனக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினார் ஹிப்பார்க்கஸ். அந்த அவமானத்துக்குப் பழி தீர்க்கவே வாள் உருவப்பட்டது. கொலைக்குப் பிறகு விடுதலையும் வரவில்லை. ஹிப்பியாஸ் இன்னும் நான்கு ஆண்டுகள் ஆண்டார், முன்பைவிடக் கடுமையாக. கி.மு. 510இல் அவரை வெளியேற்றியது கிளியோமெனிஸ் மன்னர் நடத்திவந்த ஸ்பார்ட்டாப் படை. அந்தப் படையின் முற்றுகைகூடத் தானாக வெற்றி பெறவில்லை. ரகசியமாக வெளியே அனுப்பப்பட்ட ஹிப்பியாஸ் குடும்பத்துப் பிள்ளைகள் வழியில் பிடிபட்டதால்தான் அவர் பணிந்தார்.

ஒரு கொலையைப் பற்றிய தவறான நினைவு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் கிரேக்க நகரங்களின் தனியாட்சி முழுவதையும் பற்றிய பொதுக்கருத்து இதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. சுதந்திரமாக இருந்த மக்களை இரத்தவெறி பிடித்த ஒருவன் அடக்கினான், சட்டத்தை மிதித்தான், ஊரைச் சுரண்டினான், கடைசியில் மக்கள் எழுந்து அவனை ஒழித்தார்கள் என்பதே அந்த அச்சு. கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளின் நகரங்களை எடுத்துப் பார்த்தால் இதில் ஒரு பகுதிகூடச் சரியாகப் பொருந்துவதில்லை. அந்த ஆட்சியாளர்களுக்கு முன்னால் சுதந்திர மக்கள் என்று யாரும் அதிகாரத்தில் இல்லை. பிறப்பால் உயர்ந்த சில குடும்பங்கள் இருந்தன. இன்று நம் கையில் இருக்கும் கொடுங்கோலன் சித்திரத்தை வரைந்ததும், நாற்காலி பறிபோன அந்தக் குடும்பங்கள்தான்.

கொரிந்து நகரை முதலில் பார்ப்போம். அங்கே பாக்கியட் என்ற ஒரே குலம் ஆண்டது. தங்களுக்குள் மட்டுமே பெண் கொடுத்து, பெண் எடுத்துக்கொண்ட குலம் அது. கி.மு. 657 வாக்கில் கிப்செலஸ் அவர்களைத் துரத்தினார். அவருடைய தாய் லாப்தா அதே குலத்துப் பெண். கால் ஊனம் என்பதால் குலத்துக்குள் மணமகன் கிடைக்காமல் வெளியே கட்டிக்கொடுக்கப்பட்டவர். கிப்செலஸ் முப்பது ஆண்டுகள் ஆண்டார். தனியாட்சியை வெறுத்த அரிஸ்டாட்டிலே, அவர் மெய்க்காவலர் இல்லாமல் நடமாடியதாக எழுதுகிறார். இரத்தத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் முப்பது ஆண்டுகள் காவலில்லாமல் தெருவில் நடந்திருக்க முடியுமா?

அவருடைய மகன் பெரியாண்டர் விஷயத்துக்கு வந்தால் எல்லோரும் சொல்வது கதிர் கதை. ஊரை எப்படி ஆள்வது என்று கேட்க ஒரு தூதன் போகிறான். கேட்கப்பட்டவர் பதில் சொல்லாமல் வயலில் நடந்து, உயர்ந்து நின்ற கதிர்களையெல்லாம் ஒடித்துப் போடுகிறார். தலைதூக்கியவர்களை வெட்டு என்பது பாடம். சரி, இந்தப் பாடத்தை யார் யாருக்குச் சொன்னது? வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடம் பெரியாண்டர் கேட்கிறார், மிலேட்டஸின் திராசிபூலஸ் ஒடித்துக் காட்டுகிறார். அரிஸ்டாட்டிலிடம் திராசிபூலஸ் கேட்கிறார், பெரியாண்டர் ஒடித்துக் காட்டுகிறார். குருவும் சீடனும் இடம் மாறினாலும் கதை அப்படியே நிற்கிறது என்றால், அது ஊர் ஊராகச் சுற்றிய கட்டுக்கதை. அதைவிட முக்கியம், ஹெரோடோட்டஸ் இதைத் தம் குரலில் சொல்லவில்லை. துரத்தப்பட்ட ஹிப்பியாஸை மீண்டும் ஏதென்ஸில் அமர்த்த ஸ்பார்ட்டா திட்டமிட்டபோது, கூடாது என்று வாதாடிய கொரிந்துத் தூதரின் பேச்சுக்குள் வருகிறது இந்தக் கதை. அப்போது கொரிந்தை ஆண்டது பணக்காரச் சிறுகூட்டம். அவர்களுடைய தூதர், அவர்களுடைய வாதம். எதிர்த்தரப்பு வக்கீலின் வாதுரையை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. பெரியாண்டர் மென்மையானவர் என்று இங்கே யாரும் சொல்ல வரவில்லை. மனைவி மெலிசாவை அவரே கொன்றார் என்ற குற்றச்சாட்டு பழையது, வலுவானது. அதே மனிதரைத்தான் கிரேக்கர்களில் பலர் ஏழு ஞானிகளில் ஒருவராக எண்ணினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லெஸ்போஸ் தீவின் மிட்டிலீன் நகரம் இன்னும் தெளிவான சாட்சி. பிரபுக் குடும்பங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஊரையே நாசமாக்கிக்கொண்டிருந்தபோது, நகர மக்கள் பிட்டாகஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்து முழு அதிகாரம் கொடுத்தார்கள். பத்து ஆண்டுகள் ஆண்டார். குடித்துவிட்டுக் குற்றம் செய்தால் இரட்டைத் தண்டனை என்ற சட்டம் அவருடையது. பத்து ஆண்டு முடிந்ததும் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இவரையும் கொடுங்கோலன் என்று தூற்றிய ஒரு குரல் இருக்கிறது. கவிஞர் அல்கேயஸின் குரல். அவர் நாடு கடத்தப்பட்ட பிரபு. ஒரு காலத்தில் பிட்டாகஸோடு சேர்ந்து சதி செய்தவர், பிறகு எதிரியானவர். பிட்டாகஸின் பிறப்பை இழித்தார், காலைக் கிண்டல் செய்தார், தொந்தியைக் கிண்டல் செய்தார். அல்கேயஸ் அருமையான கவிஞர் என்பதால் அந்த வசவு இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளாக வாழ்கிறது. பிட்டாகஸை அமர்த்திய மீனவர்களும் உழவர்களும் கவிதை எழுதி வைக்கவில்லை.

இனி ஏதென்ஸ். ஹிப்பியாஸின் தந்தை பெய்சிஸ்ட்ராடஸ் ஆட்சியைப் பிடித்த விதத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு எதிரிகள் தாக்கினார்கள் என்று நடித்துத் தடிக்காவலர் படை வாங்கினார். துரத்தப்பட்டார். ஃபியே என்ற உயரமான பெண்ணுக்கு அத்தீனா தேவி வேடம் போட்டுத் தேரில் ஏற்றி, தேவியே அழைத்து வருகிறாள் என்று சொல்லித் திரும்பினார். மறுபடி துரத்தப்பட்டார். மூன்றாம் முறை, கி.மு. 546இல், பணமும் கூலிப்படையும் திரட்டி வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிக்கொண்டும் தாயம் உருட்டிக்கொண்டும் இருந்த ஏதென்ஸ் படையைப் பல்லேனியில் சிதறடித்தார். எதிர்க் குடும்பங்களின் பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்து நக்சாஸ் தீவில் வைத்தார். இதெல்லாம் உண்மை.

ஆனால் பிடித்த ஆட்சியை எப்படி நடத்தினார் என்பது தனிக் கேள்வி. அதற்குச் சாட்சி சொல்லும் மூவரும் அவருடைய ஆதரவாளர்கள் அல்லர். இருந்த பதவிகளையும் சட்டங்களையும் கலைக்காமல் நன்றாக ஆண்டார் என்கிறார் ஹெரோடோட்டஸ். அந்தக் குடும்பம் விளைச்சலில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே வரி வாங்கி, நகரை அழகாக்கி, போர்களையும் நடத்தி, கோயில் செலவையும் பார்த்துக்கொண்டது என்கிறார் துசிடிடீஸ். உயர் பதவிகளில் தங்கள் ஆள் ஒருவர் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள், மற்றபடி ஊர்ச் சட்டமே நடந்தது என்றும் சேர்க்கிறார். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல், ஏழை உழவர்களுக்கு அவர் முன்பணம் கொடுத்ததையும், கிராமம் கிராமமாகப் போய் வழக்குத் தீர்க்கும் நீதிபதிகளை நியமித்ததையும் பதிவு செய்கிறது. உழவன் நியாயம் கேட்டு நகரத்துப் பிரபுவின் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை என்ற நிலை அப்போதுதான் வந்தது. கொலைக் குற்றச்சாட்டில் ஒருமுறை பெய்சிஸ்ட்ராடஸ் மீதே வழக்கு வந்தபோது, அவர் நீதிமன்றத்தில் போய் நின்றார். குற்றம் சாட்டியவர்தான் பயந்து வரவில்லை. அந்தப் பயத்தை மறைக்கத் தேவையில்லை. ஆட்சியாளர் மன்றத்துக்கு வந்தார் என்பதும் உண்மை, வழக்காடியவர் வீட்டிலேயே இருந்துவிட்டார் என்பதும் உண்மை.

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சி. ஹைமெட்டஸ் மலைச்சரிவில் வெறும் கல்லாகக் கிடந்த துண்டு நிலத்தை ஒரு கிழவர் கொத்திக்கொண்டிருக்கிறார். அந்த வழியாகப் போன பெய்சிஸ்ட்ராடஸ், இதில் என்னதான் விளைகிறது என்று ஆள் விட்டுக் கேட்கிறார். வலியும் வேதனையும்தான் விளைகிறது, அதிலும் பத்தில் ஒரு பங்கை பெய்சிஸ்ட்ராடஸ் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார் கிழவர், கேட்பது யார் என்று தெரியாமல். அவருடைய நிலத்துக்கு வரி அடியோடு நீக்கப்பட்டது. இது நடந்ததா, அழகுக்குச் சேர்த்த கதையா என்று வாதிடலாம். ஆனால் கொடுங்கோலனைப் பற்றி ஏதென்ஸ் உழவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதை இப்படி இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. கதிர் ஒடித்த கதையை மட்டும் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடுவது நேர்மையில்லை.

கதைகள் வேண்டாம், கல் வேண்டும் என்பவர்களுக்குக் கல்லும் இருக்கிறது. ஏதென்ஸ் பழைய சந்தையில் அமெரிக்கத் தொல்லியலாளர்கள் தோண்டியபோது ஒரு சிறு பளிங்குத் துண்டு கிடைத்தது; 1939இல் அது வெளியிடப்பட்டது. ஆண்டுக்கு ஒருவராகப் பதவி வகித்த தலைமை அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல் அது. வரிகளின் தொடக்க எழுத்துகள் உடைந்துபோயிருக்கின்றன, மிச்சம் தெளிவாக இருக்கிறது. ஹிப்பியாஸ். அடுத்த வரியில் கிளைஸ்தனிஸ். அதற்கடுத்து மில்டியாடிஸ். கி.மு. 526 முதல் 523 வரையிலான ஆண்டுகள்.

இந்த மூன்று வரிகள் ஒரு பெரிய பொய்யை உடைக்கின்றன. கிளைஸ்தனிஸ்தான் பின்னாளில் ஏதென்ஸ் மக்களாட்சியை அமைத்தவர். அவருடைய அல்க்மியோன் குடும்பம், தனியாட்சிக் காலம் முழுவதும் தாங்கள் நாடு கடந்து துன்பப்பட்டோம், ஒருபோதும் கொடுங்கோலரோடு சேரவில்லை என்று பெருமை பேசியது. ஹெரோடோட்டஸ் அதை நம்பி எழுதினார். கல்லோ, ஹிப்பியாஸின் ஆட்சியில் அதே கிளைஸ்தனிஸ் ஊரின் மிக உயர்ந்த பதவியில் உட்கார்ந்திருந்தார் என்று காட்டுகிறது. மாரத்தான் போரின் நாயகன் மில்டியாடிஸும் அதே வரிசையில். அவரை இந்தக் குடும்பம்தான் பின்னர் கெர்சொனீஸ் பகுதிக்கு அனுப்பியது. அங்கே அவரே தனியாட்சி நடத்தினார். அந்தப் பட்டியலைக் கல்லில் வெட்டியது கி.மு. 425 வாக்கில், மக்களாட்சி உச்சத்தில் இருந்தபோது. பொது இடத்தில் பெயர்கள் நின்றுகொண்டிருந்தன, மேடைகளில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் ஒத்துழைப்பை மறைக்க ஒரு அரக்கன் தேவைப்பட்டான். பெய்சிஸ்ட்ராடஸ் குடும்பம் அதற்கு வசதியாக அமைந்தது.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு அநியாயமான வாதம் இருக்கிறது. எகிப்தின் பிரமிடுகள், கிப்செலஸ் வம்சத்தின் காணிக்கைகள், ஏதென்ஸில் பெய்சிஸ்ட்ராடஸ் குடும்பம் தொடங்கிய ஒலிம்பிய சீயஸ் கோயில், சாமோஸ் தீவை ஆண்ட பாலிகிராட்டிஸ் செய்த வேலைகள் எல்லாவற்றையும் அரிஸ்டாட்டில் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்: மக்களை ஏழையாகவும் ஓய்வில்லாமலும் வைக்கும் தந்திரமாம். கி.மு. 447இல் மக்களாட்சி பார்த்தினான் கோயிலைத் தொடங்கியபோது அது ஊருக்கு வேலையும் புகழும் கொடுத்த திட்டம். நூறு ஆண்டுக்கு முன் தனியாட்சி அதையே செய்தால் சதி. இந்த அளவுகோலை ஏற்க முடியாது.

கோயிலை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். பெய்சிஸ்ட்ராடஸ் குடும்பம் ஏதென்ஸுக்குச் சுடுமண் குழாய்களில் தண்ணீர் கொண்டுவந்து ஒன்பது வாய் கொண்ட நீரூற்று மண்டபம் கட்டியது. அந்தக் குழாய்கள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கின்றன. அதே காலத்தில் ஏதென்ஸ் குயவர்கள் செய்த தண்ணீர்க் குடங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது: தூண்கள் நிற்கும் மண்டபம், சிங்கமுக வாயிலிருந்து கொட்டும் தண்ணீர், தலையில் சும்மாடு வைத்துக் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள், பேசிக்கொண்டே காத்திருப்பவர்கள். ஒரு ஊரின் குடத்திலேயே ஊரின் குழாயடி ஓவியமாக ஏறியிருக்கிறது என்றால் அது அவர்கள் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசிக்க வேண்டும். மெகாராவை ஆண்ட தியாஜெனிஸும் ஊருக்கு நீரூற்றுக் கட்டியவர்தான். சாமோஸில் மலையை இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குடைந்து நடுவில் சந்திக்கவைத்த யூபாலினஸின் சுரங்கம் 1,036 மீட்டர் நீளம். பாலிகிராட்டிஸ் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த வேலை, பல நூற்றாண்டுகள் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. தத்துவ நூல்களில் இந்தத் தண்ணீருக்கு இடமில்லை.

பிளேட்டோவின் பங்கு தனி. குடியரசு நூலின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளில் அவர் வரைந்த கொடுங்கோலன்தான் உலகம் முழுக்கப் பரவியவன்: ஆசைகளுக்கு அடிமை, நண்பனில்லாதவன், மக்களாட்சியின் அளவுமீறிய சுதந்திரத்திலிருந்து முளைப்பவன். அவர் கண்ணால் பார்த்தது சிசிலியின் சிராக்கூஸ் நகரில் கூலிப்படையை நம்பி ஆண்ட டயோனிசியஸை. அது கி.மு. 4ஆம் நூற்றாண்டு, கிப்செலஸ் காலத்துக்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் பிந்தியது. அந்த ஒரு மாதிரியைப் பழைய காலம் முழுவதற்கும் போர்த்துவது சரியல்ல. வரிசையும் தலைகீழ். கொரிந்திலும் சிசியோனிலும் ஏதென்ஸிலும் தனியாட்சி மக்களாட்சியிலிருந்து முளைக்கவில்லை. பிரபுக்களின் சண்டையிலிருந்து முளைத்தது. ஏதென்ஸில் மக்களாட்சி அதற்குப் பிறகுதான் வந்தது. பிளேட்டோவின் மாணவரான அரிஸ்டாட்டிலே இந்த வரிசை தவறு என்று எடுத்துக்காட்டுகளோடு மறுத்திருக்கிறார்.

இதையெல்லாம் சொல்வதால் தனியாட்சியாளர்கள் ஏழைகளின் தோழர்கள் என்று எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒப்புக்கொள்ள முடியாதது. சிராக்கூஸின் கெலோன், மெகாரா ஹிப்லேயா நகரைப் பிடித்தபோது செய்ததைப் பார்த்தால் போதும். தன்னை எதிர்த்துப் போரை மூட்டிய பணக்காரர்களைச் சிராக்கூஸுக்குக் கொண்டுபோய்க் குடியுரிமை கொடுத்தார். போரில் பங்கே இல்லாத ஏழை மக்களை அடிமைகளாக விற்றார். அக்ராகாஸின் ஃபலாரிஸ் மனிதர்களை வெண்கலக் காளைக்குள் அடைத்து எரித்தார் என்ற குற்றச்சாட்டு, அவர் இறந்து நூறு ஆண்டுக்குள் பாடிய பிண்டாரின் காலத்திலேயே ஊரறிந்த செய்தி.

தனியாட்சியின் உண்மையான கேடு மனிதரின் குணத்தில் இல்லை, அமைப்பில் இருந்தது. பதவிக்கு வரையறை கிடையாது, காலக்கெடு கிடையாது, கணக்குக் கேட்க வழி கிடையாது. அதிகாரம் ஒரு வீட்டின் சொத்து. 514க்கு முன் ஹிப்பியாஸ் மிதமாக ஆண்டார், தம்பியைப் பறிகொடுத்த பிறகு அதே மனிதர் பலரைக் கொன்றார். இரண்டையும் தடுக்கவோ மாற்றவோ ஊரிடம் எந்தக் கருவியும் இல்லை. துரத்தப்பட்டு இருபது ஆண்டு கழித்து, கி.மு. 490இல், மாரத்தான் கரைக்குப் பாரசீகப் படைக்கு வழிகாட்டி வந்தவரும் அவரே. நல்ல ஆட்சியும் கெட்ட ஆட்சியும் ஒரே ஆளின் மனநிலையைப் பொறுத்து மாறியது என்பதே கடுமையான குற்றச்சாட்டு. அரக்கன் கதை இந்தக் குற்றச்சாட்டை மறைத்துவிடுகிறது.

மக்கள் எழுச்சியையும் அது மறைக்கிறது. ஏதென்ஸில் அப்படி ஒன்று உண்மையிலேயே நடந்தது, ஹிப்பியாஸ் போன பிறகு. கி.மு. 508இல் இசாகோரஸ் என்ற பிரபு, ஸ்பார்ட்டா மன்னர் கிளியோமெனிஸைத் துணைக்கு அழைத்து வந்து 700 குடும்பங்களை நாடு கடத்தினார்; மன்றத்தைக் கலைத்துவிட்டுத் தம் ஆட்கள் 300 பேரிடம் நகரைக் கொடுக்கப் பார்த்தார். கிளைஸ்தனிஸ் அப்போது ஊரிலேயே இல்லை. தலைவன் இல்லாமல் சாதாரண மக்கள் திரண்டு, கோட்டைக்குன்றில் ஏறிக்கொண்ட மன்னரையும் பிரபுக்களையும் இரண்டு நாள் முற்றுகையிட்டு மூன்றாம் நாள் பணியவைத்தார்கள். மக்களாட்சி பிறந்த நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான். அது தனியாட்சியாளருக்கு எதிராக நடந்ததல்ல, சிறுகூட்டத்துக்கு எதிராக நடந்தது. காதல் தகராறில் கொலை செய்த இரண்டு பேருக்குக் கிடைத்த புகழ் அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை.

சிறுகூட்டத்தின் ஆட்சி எப்படி இருக்கும் என்பதை ஏதென்ஸ் கி.மு. 404இல் முழுமையாகப் பார்த்தது. பிளேட்டோவின் உறவினர் கிரிட்டியாஸ் தலைமையில் நல்ல குடும்பத்து முப்பது பேர் ஆண்டார்கள். சில மாதங்களில் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். பணம் வேண்டும் என்பதற்காகவே வெளியூரிலிருந்து குடியேறியவர்களைப் பட்டியல் போட்டுப் பிடித்தார்கள். பேச்சுக்கலை வல்லுநர் லிசியாஸ் தப்பி ஓடினார். அவருடைய அண்ணன் பொலமார்க்கஸுக்கு விசாரணையே இல்லாமல் நஞ்சு கொடுத்தார்கள். அவருடைய வீட்டுக்குள் நுழைந்தபோது, முப்பதின்மரில் ஒருவர் பொலமார்க்கஸ் மனைவியின் காதிலிருந்த தங்கத் தோட்டைக் கழற்றிக்கொண்டார் என்று லிசியாஸ் நீதிமன்றத்தில் பேசியிருக்கிறார். பிற்காலம் இந்த முப்பது பேருக்கும் கொடுங்கோலர் என்றே பெயர் வைத்தது. பிரபுக் கூட்டத்தின் குற்றம்கூடத் தனியாட்சியின் கணக்கில் எழுதப்பட்டது.

ஹிப்பியாஸ் வெளியேறிய கி.மு. 510க்குப் பிறகு, கி.மு. 322 வரையிலான ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் ஏதென்ஸ் மக்களாட்சி மூன்று முறை கவிழ்க்கப்பட்டது. 411இல் கவிழ்த்தவர்கள் நானூறு பேர். 404இல் முப்பது பேர். 322இல் மாசிடோனியாவின் ஆன்டிபேட்டர் படையைக் கொண்டுவந்து நிறுத்தி, 2,000 டிராக்மாவுக்குக் குறைவாகச் சொத்து வைத்திருந்தவர்களின் வாக்குரிமையைப் பறித்து, நகரைப் பணக்காரர்களிடம் கொடுத்தார். அன்று உரிமை இழந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் என்கிறார் புளூட்டார்க். மூன்று முறையும் ஆட்சிக்கு வந்தவர்கள் சொத்துள்ள கூட்டத்தினர்.